அரை மாத்திரை, ஒரு சொம்புத் தண்ணீர்

இருபத்துமூன்று வயதில், குழந்தைகளுக்கென்று வைத்திருந்த மருந்தை நான் திருடித் தின்றேன். எனக்கு வந்திருந்தது ஜலதோஷம். திருட்டு என்று எழுதும்போது கொஞ்சம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. நடந்தபோது அப்படி ஒன்றும் இல்லை. மூக்கு ஒழுக, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பூட்டாத கதவைத் தள்ளி உள்ளே போய், புட்டியிலிருந்து நான்கு வெள்ளை மாத்திரைகளை எடுத்துக்கொண்டு தும்மியபடியே வெளியே வந்தேன். தும்மலைக் கேட்டு ஒரு நாய் குரைத்தது. அதற்குப் பயந்து ஓடியதில் செருப்பு வார் அறுந்தது.

அந்தப் புட்டிக்குப் பொறுப்பாக இருந்தவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு உள்ள வியாதி இது. இதற்கு இன்னும் மாத்திரை வரவில்லை.

அது யுத்த காலம். கொல்லிமலையில் காட்டிலாகா ஆபீஸில் நான் குமாஸ்தா. மலைக்கு அப்போது சாலை கிடையாது. காரவள்ளியில் வண்டியை விட்டு இறங்கினால் மேலே காலால்தான் ஏற வேண்டும். பி.ஏ. படித்த நான், மரங்களைப் பற்றி மரங்களே படித்தாலும் தூங்கிவிடக்கூடிய கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் தாமதமாக வரும் செய்தித்தாளை அன்றைய தேதி என்று பாவித்துக்கொண்டு படிப்பேன். அதனால் யுத்தத்தில் எல்லாத் தோல்விகளும் எனக்கு ஒரு வாரம் கழித்தே நடந்தன.

ஆபீஸை ஒட்டி இரண்டு அறையில் சர்க்கார் மருந்தகம் இருந்தது. முன்னறையில் மருந்து, பின்னறையில் கம்பவுண்டர். டாக்டர் மாதம் ஒருமுறை மலையேறி வருவதாக ஏற்பாடு. மழை, மலேரியா, அவருடைய முழங்கால், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும். ஆகவே மலையில் 'நாடு' என்று சொல்லும் அத்தனை ஊர்க் கூட்டத்துக்கும் வைத்தியர் கம்பவுண்டர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியும். மலையில் ஒருவரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. 'மருந்துக்காரரு' என்பார்கள். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம். வேட்டிக்கு மேல் எப்போதும் ஒரு காக்கிக் கோட்டு. தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு டைம்பீஸ் இருக்கும். சின்னக் கடிகாரம் இல்லை. அலாரம் அடித்தால் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. அவர் ஒற்றையடிப் பாதையில் வருவது, ஆள் தெரிவதற்கு முன்பே டிக்டிக்கென்று காதில் விழும். குடும்பம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "இருந்துச்சுங்க" என்றார். அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கும் வயது அப்போது எனக்கு இல்லை. இப்போது இருக்கிறது, பதில் சொல்ல அவர் இல்லை.

ஒருவரைக் கண்டால் நாமெல்லாம் சௌக்கியமா என்போம். அவர், "தண்ணி குடிச்சுதுங்களா? ஒண்ணுக்குப் போச்சுங்களா?" என்பார். எங்கள் ரேஞ்சரையே ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டார். வெள்ளைக்காரத் துரையிடம் நின்ற மாதிரி நின்று, "போச்சு" என்று ரேஞ்சரும் பதில் சொன்னார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் அந்த வெள்ளை மாத்திரைதான். பெனிசிலின் எல்லாம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். கிருமியைக் கொல்வதற்கென்று வந்திருந்தது சல்ஃபா மாத்திரை. நெஞ்சில் சளி கட்டி, விலா உள்ளே இழுக்க, மூக்கு விடைக்க மூச்சு வாங்கும் குழந்தைகள் அதுவரை பெரும்பாலும் செத்துத்தான் போயின. அந்த மாத்திரை அவற்றில் பலவற்றை எழுப்பி உட்கார வைத்தது. ஆனால் அது ஒரு பொல்லாத மருந்து. வேளை தவறினால் கேட்காது. அளவு கூடினால் வாந்தி, தடிப்பு. தண்ணீர் போதாவிட்டால் சிறுநீரகத்தில் மணலாக உறைந்து மூத்திரத்தை அடைத்துவிடும். அரை மாத்திரைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் என்பது அவருடைய சட்டம். சொம்பு காலியாவதைப் பார்ப்பார். பிறகு அது வெளியே வருவதையும் பார்ப்பார். நிறம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த அரை மாத்திரை.

அளவுக்கு எடை வேண்டும். மலையில் குழந்தையை எடை போட ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். மிளகை நிறுப்பார்கள், கடுக்காயை நிறுப்பார்கள். நிறுத்தது எல்லாம் மலையிறங்கிப் போய்விடும், திரும்பாது. பிள்ளையை எப்படித் தராசில் வைப்பது? இதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வீட்டு விட்டத்தில் ஒரு வில் தராசை மாட்டி, அதன் கொக்கியில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டுவார். குழந்தையை அதில் போட்டு, "ஆட்டுறேன் கண்ணு, ஆட்டுறேன் சாமி" என்று இரண்டு ஆட்டு ஆட்டுவார். ஆட்டம் நிற்கும் அந்த ஒரு கணத்தில் முள்ளைப் பார்த்துக்கொள்வார். தாய்க்குத் தூளி, அவருக்கு எடை. எடை தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருப்பார். அது கணக்கில் சேராத ஆட்டல்.

எல்லோருக்கும் அந்த மாத்திரை மேல் ஆசை. தலைவலிக்கு வேண்டும், இடுப்புப் பிடிப்புக்கு வேண்டும். ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒருவர் எருமைக்குக் கேட்டு வந்தார். எருமைக்குத் தூளி கட்ட விட்டம் தாங்காதென்று கம்பவுண்டர் அவரை அனுப்பிவைத்தார். சாதாரணச் சளிக்கு மட்டும் கொடுக்கவே மாட்டார். "இதுக்குன்னு வேலை வரும்போது இது வேலை செய்யணுமுங்க. சும்மா சும்மா கூப்பிட்டா, நெசமாக் கூப்பிடறப்ப வராதுங்க" என்பார். இதையேதான் இப்போது பெரிய டாக்டர்கள் இங்கிலீஷில் சொல்கிறார்கள். அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை.

இவ்வளவையும்விட, மலைக்காரர்களுக்கு அவரிடம் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. மாத்திரையைக் கையில் கொடுக்க மாட்டார். குழந்தை இருக்கும் குடிசைக்கே போய்விடுவார். வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து, இரவோ பகலோ தானே வாயில் போட்டுவிடுவார். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் எழுந்து போக மாட்டார். காய்ச்சல் இருக்கும் வரை அவர் சாமி. காய்ச்சல் விட்டதும் போகாத விருந்தாளி. குழந்தை கோழியைத் துரத்திக்கொண்டு ஓடும்; அதன் பின்னால் இவர் சொம்போடு ஓடுவார். அந்த வீட்டுக் களியைத் தின்றுகொண்டு, அந்த வீட்டார் தன்னைப் பற்றி முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டு, கடிகாரத்தோடு தனியே உட்கார்ந்திருப்பார்.

ஏன் இப்படி என்று எங்கள் ஆபீஸ் ஃபாரஸ்ட் கார்டு ஒருநாள் சொன்னார். அவர் வந்த புதிதில், ஒரு பையனுக்கு ஐந்து நாள் மாத்திரையை எண்ணித் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மலையில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து வீட்டுக்குள் எது வந்தாலும், வெல்லக்கட்டியோ வேட்டைக் கறியோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஒருவனுக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களைப் பார்க்க வைப்பது பெரிய பாவம். அந்தத் தாய்க்கு நான்கு பிள்ளைகள். மாத்திரைகளை நான்கு பங்காக்கி, ஆளுக்குக் கொஞ்சம் என்று அன்போடு கொடுத்திருக்கிறாள். நோயில்லாத மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நோயாளிப் பையன் தன் பங்கை மட்டும் தின்றுவிட்டு, மூன்றாம் நாள் இறந்துபோனான்.

அதிலிருந்து அவர் பையில் இன்னொரு டப்பாவும் சேர்ந்தது. அதில் கற்கண்டு. அரை மாத்திரை அளவுக்கே உடைத்து வைத்திருப்பார். நோயாளிக்கு மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு வேளையும், அந்த வீட்டின் மற்ற பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். பங்கு பிசகக் கூடாது.

இந்தக் கதையைக் கேட்டு உருகிய பிறகுதான் நான் திருடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆனியில் எனக்குத் தொண்டை வலியும் மூக்கொழுகலும் வந்தன. என்னிடம் ஒரு இங்கிலீஷ் வைத்தியப் புத்தகம் இருந்தது. காலையில் அதைத் திறந்தபோது எனக்கு வெறும் ஜலதோஷம். மத்தியானத்துக்குள் இரண்டு நுரையீரலும் போய்விட்டன. அவரிடம் ஓடினேன். தொண்டையைப் பார்த்தார், முதுகில் காது வைத்துக் கேட்டார், மிளகுக் கஷாயம் குடிக்கச் சொன்னார். மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறியிருக்கும் ஊரில், ஒரு பட்டதாரிக்கு மிளகு! மறுநாள் அவர் யாருடைய புண்ணுக்கோ கட்டுப் போடப் போயிருந்தபோது, நான் முதலில் சொன்ன காரியத்தைச் செய்தேன். இரண்டை உடனே விழுங்கினேன். வயிற்றைப் புரட்டியது. மூக்கு முன்போலவே ஒழுகியது. மீதி இரண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் வைத்திய ஞானத்தைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். எடப்புளி நாட்டுக் குடிசை ஒன்றிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தார். அவருடைய ஆறு வயதுப் பெண் மூச்சு விட முடியாமல் கிடந்தாள். கம்பவுண்டர் உள்ளே போய்ப் புட்டியைக் கவிழ்த்து எண்ணுவது என் அறை வரை கேட்டது. எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு அந்த டிக்டிக் சத்தம் என் வாசலுக்கு வந்து நின்றது.

நான் மேஜையில் ஒரு கடிதத்தை மிகவும் உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது தலைகீழாக இருந்தது.

"ஏனுங்க, அப்ப தண்ணி நெறையக் குடிச்சீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணுக்குத் தாராளமாப் போச்சுங்களா?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கிடைத்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நிஜமாகவே என் மூத்திரத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டு நின்றார். போச்சு என்றேன், ரேஞ்சர் குரலில். சட்டைப் பையிலிருந்த இரண்டு மாத்திரைகளை நீட்டினேன். அவற்றில் நூல் தூசி ஒட்டியிருந்தது. ஊதித் துடைத்துப் புட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு குறையுதுங்க. கடைசி நாளு நாலு வேளைக்கு இல்ல. நான் அந்தப் புள்ளகிட்ட இருந்து நகர முடியாது. நீங்கதான் கீழ போய் வாங்கியாரணும்" என்றார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஆளோடு எடப்புளிப் பாதையில் இறங்கிவிட்டார்.

நான் மலையிறங்கினேன். மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தக் குழந்தை செத்துக்கொண்டிருந்தது. காரவள்ளியில் வண்டி பிடித்து, டவுன் ஆஸ்பத்திரியில் போய் நின்றால், சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் முகாமில். அவர் வரும்வரை மூன்று நாள் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து குழந்தை அழும் சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். யாரோ நல்ல மனிதர் என்னையும் ஒரு நோயாளியின் தகப்பன் என்று நினைத்து வாழைப்பழம் கொடுத்தார். அதையும் தின்றேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல் மாத்திரைகளோடு அந்தக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தேன். மழைத் தூற்றலில் வாசலுக்கு வந்தால், அந்தப் பெண் குந்தி உட்கார்ந்து தன் அண்ணன்களோடு புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள். நேற்றே காய்ச்சல் விட்டுவிட்டதாம். எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம் என்று எழுத ஆசை. உண்மையில், இதற்கா மூன்று நாள் பெஞ்சில் கிடந்தேன் என்றுதான் தோன்றியது. கம்பவுண்டர் ஓரமாகச் சாக்கில் இருந்தார். ஐந்து நாள் தாடி. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. மாத்திரையை வாங்கிப் பார்த்தார். "வந்துட்டீங்களா" என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்ன மாதிரி யாரும் அதற்குப் பிறகு என்னை வரவேற்றதில்லை.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. அந்தப் பெண் பிழைத்தால் அறப்பளீஸ்வரருக்கு மொட்டை போட்டு, அருவியில் குளிக்க வைப்பதாகத் தகப்பன் நேர்ந்திருந்தார். குடும்பமே கோயிலுக்குக் கிளம்பியது. தகப்பன் வெளிப்படையாகவே சொன்னார். புள்ளைக்குத்தான் நல்லாயிருச்சு, இனி நீங்க உங்க ஊட்டுக்குப் போலாமுங்க. கம்பவுண்டர் டைம்பீஸுக்குச் சாவி கொடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தார். கூப்பிடாத விருந்துக்குப் போய் எனக்குப் பழக்கம் உண்டு, நானும் நடந்தேன்.

வழியில், ஏன் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை என்று கேட்டேன். அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

"அன்னைக்கு மாத்திரையப் பங்கு போட்டாங்களே, அந்தம்மா மேல தப்பில்லீங்க. ஒரு புள்ளைக்கு மட்டும் குடுக்கறது அவங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒருநா அந்த ஊட்டுல சும்மா உக்காந்து பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகு கோயில் வரும்வரை டைம்பீஸ் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தது.

கோயிலில் நல்ல கூட்டம். மொட்டை முடிந்தது. தகப்பன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அருவிப் பக்கம் திரும்பினார். ஆடி மாதத்து அருவி, இடுப்பெலும்பை உடைக்கிற தண்ணீர். கம்பவுண்டர் இன்னொருவருடைய பாதையை மறித்து நின்றதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"சாமி குடுத்த உசிருங்க இது. சாமிக்குச் சொன்னதச் செய்யாட்டி?" என்றார் தகப்பன்.

"சாமிதான் குடுத்துச்சுங்க. நான் இல்லைங்கல. நெஞ்சு இன்னும் ஆறலீங்க, பச்சப் புண்ணு. அந்தத் தண்ணிய ஒரு சொம்பு மோந்துட்டு வாங்க. பொங்க வெக்கிற அடுப்புல வெதுவெதுன்னு காச்சித் தலையில தெளிங்க. மிச்சத் தண்ணியில கடைசி அரை மாத்திரையக் குடுத்துருவோம். சாமி தண்ணியிலயே போகட்டுமுங்க."

அதைச் சொல்லி முடிக்கும்போது அலாரம் அடித்தது. மேளக்காரர் ஒருவர் திடுக்கிட்டுத் தாளத்தை விட்டார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தகப்பனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. கோபத்தில் முடியாதது சில சமயம் கூச்சத்தில் முடியும். சொம்பை எடுத்துக்கொண்டு போனார்.

தண்ணீர் காய்ந்து வந்தது. மொட்டைத் தலையில் தெளித்தார்கள். கம்பவுண்டர் அரை மாத்திரையை நீட்டினார். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அண்ணன்கள் பக்கம் பார்த்தாள். அவர் அவசர அவசரமாகக் கற்கண்டு டப்பாவை எடுத்து, மூன்று பையன்களையும் வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொன்று கொடுத்தார். அப்போதும் அவள் திறக்கவில்லை. என்னைக் கை காட்டினாள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் விழுங்கினாள். என் வாழ்க்கையில் அந்தக் கம்பவுண்டரிடமிருந்து நான் நியாயமாகப் பெற்ற மருந்து அது ஒன்றுதான்.

சொம்பு காலியானது. கம்பவுண்டர் அவளை ஒரு பாறைக்குப் பின்னால் கூட்டிப்போய், தூற்றலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்றார். கால் மணி நேரம் நின்றார். போவோர் வருவோர் எல்லாம் சிரித்தார்கள். "ஏனுங்க மருந்துக்காரரே, இந்த மழ பத்தலீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் காதில் அது விழவில்லை. அவர் வேறொரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அது கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்ததை, பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் முகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பொங்கல் இறங்கியது. அந்தத் தாய் இலைகளைப் போட்டு எல்லோருக்கும் சரிபங்காக வைத்தாள். கம்பவுண்டருக்கும் ஒரு இலை போட்டிருந்தாள். ஆளைக் காணவில்லை. சாக்கை உதறி மடித்துக்கொண்டு எப்போது போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது; அதற்குமேல் ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலும். ஓடிப்போய்க் கூட்டிவரலாம் என்று நினைத்தேன். பொங்கல் சூடாக இருந்தது. அவர் பங்கையும் நானே தின்றேன்.

அடுத்த வருஷம் என்னைக் கீழே மாற்றிவிட்டார்கள். நான் விடைபெறப் போனபோது அவர் யாருடைய வாசலிலோ சாக்குப் போட்டு உட்கார்ந்திருந்தார்; மருந்தகம் திறந்து கிடந்தது. ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன். பதில் வரவில்லை. யுத்தம் முடிந்த வருஷம் அவரும் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார் கார்டு. எந்த ஊருக்கு என்று கேட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால், பக்கத்தில் அலாரம் வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்களா என்று, எனக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் மலைக்குப் போனேன். இப்போது பஸ் போகிறது. பஸ் நிற்கும் இடத்தில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், எடப்புளியில் இன்னார் வீடு எங்கே என்று விசாரித்தேன். அது அவளுடைய அப்பன் வீடுதான். அன்று பிழைத்த அந்தப் பெண்ணேதான் அவள், இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் இரண்டு. அந்த மனிதர் ஆறு நாள் தூங்காமல் அவளைக் காப்பாற்றியதை, என் திருட்டு உட்பட, பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதையும் பொருட்படுத்தாமல் உணர்ச்சியோடு சொல்லி முடித்தேன். அவரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் சுளையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே யோசித்தாள்.

"மொகம் நெனப்பில்லீங்க" என்றாள். "ஆனா இன்னைக்கும் எங்கியாச்சும் டைம்பீஸ் அடிச்சா எனக்கு ஒண்ணுக்கு வந்துருதுங்க."